டென்மார்க் 10 ஓரே வெள்ளிக்காசு: முதல் தடவை வாங்குபவருக்கு

நான் வாங்கிய முதல் மூன்று டென்மார்க் வெள்ளிக்காசுகளில் ஒன்று, ஒரு காலத்தில் யாரோ சட்டையில் குத்தியிருந்த புரோச். ஊசியைக் கழற்றி, பற்றவைத்த இடத்தை அரத்தால் தேய்த்து, காசு என்றே விற்றுவிட்டார்கள். இரண்டாவது காசுக்கு, காசின் விலையைவிட மற்றச் செலவுதான் அதிகம். மூன்றாவது அருமையான காசு. அது என் வீட்டிலேயே கெட்டது. அந்தக் கதை கீழே வரும்.

இங்கே டென்மார்க்கில் பல வருடமாக இருந்தும், பழைய காசு வாங்குவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே நீங்களாவது நேராகத் தொடங்குங்கள். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த 10 ஓரே காசில் இருக்கும் வெள்ளி அரை கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வெள்ளிக்காக வாங்குவதென்றால் நகைக்கடைக்குப் போங்கள்.

1. எந்தக் காசு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெட்டிக்குள் கையை விட்டுக் கிடைத்ததை எடுக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டு டென்மார்க்கின் சின்ன வெள்ளிக்காசுகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பழையது ஸ்கில்லிங், புதியது ஓரே. டென்மார்க்கும் சுவீடனும் 1873இல் நாணய ஒப்பந்தம் செய்தன. 1875 ஜனவரி 1 முதல் டென்மார்க்கின் கணக்கு குரோனருக்கு மாறியது. புதிய காசுகளை முன்கூட்டியே அடித்துவைத்ததால், பலவற்றில் 1874 என்றே இருக்கும். வரலாறு இவ்வளவு போதும். உங்களுக்குத் தேவையானது இந்த ஒரு வாய்பாடு:

1 ரிக்ஸ்டாலர் (பழைய பெரிய நாணய அலகு) = 96 ஸ்கில்லிங் = 2 குரோனர் = 200 ஓரே.

அதாவது 12 ஸ்கில்லிங் கொடுத்தால் சரியாக 25 ஓரே. ஆனால் 4 ஸ்கில்லிங் என்பது 8 ஓரேயும் ஒரு ஓரேயில் மூன்றில் ஒரு பங்கும். 10 ஓரே என்பதோ 4.8 ஸ்கில்லிங். அந்த வருடம் பால் விற்றவர்கள் எப்படித்தான் சில்லறை கொடுத்துச் சமாளித்தார்களோ! இந்தக் கணக்கு தெரிந்தால், பழைய காசுப் பெட்டியில் எது எதற்குப் பதிலாக வந்தது என்று குழம்ப மாட்டீர்கள்.

என் யோசனை: முதல் காசாக 10 ஓரே வாங்குங்கள். குறுக்களவு 15 மில்லிமீட்டர், எடை 1.45 கிராம், அதில் 40 சதவீதம் வெள்ளி. கணக்குப் போட்டால் 0.58 கிராம் வெள்ளி. ஒரு பக்கம் ஒன்பதாம் கிறிஸ்டியான் அரசரின் தலை. மறுபக்கம் மதிப்பும், ஒரு டால்பினும், ஒரு தானியக் கதிரும். கடலும் வயலும், டென்மார்க்கின் பிழைப்பே அதுதானே.

25 ஓரே சற்றுப் பெரியது: 17 மில்லிமீட்டர், 2.42 கிராம், 60 சதவீதம் வெள்ளி. அது இரண்டாவது காசாக இருக்கட்டும். 4 ஸ்கில்லிங்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதில் கால்பங்குதான் வெள்ளி. தேய்ந்தால் பித்தளையா வெள்ளியா என்று தெரியாத நிறத்துக்கு வந்துவிடும். புதியவர் அதன் தரத்தை மதிப்பிடுவது கடினம்.

நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: "இது தரங்கம்பாடியில் ஓடிய காசா?" இல்லை. டென்மார்க் 1845இலேயே தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. அங்கே ஓடியவை ராயலின் என்ற சின்ன வெள்ளிக்காசும் காசு என்ற செப்புக்காசும். அவை வேறு உலகம், வேறு விலை. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது 10 ஓரேயை உங்களிடம் நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

2. நான்கு சாமான்கள் வாங்கிக்கொள்ளுங்கள்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசு, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், குறுக்களவை அளக்கும் பிளாஸ்டிக் இடுக்கி (காலிப்பர்), ஒரு காந்தம். எனக்கு எல்லாம் சேர்த்து 250 குரோனருக்குள் முடிந்தது. சமையலறைத் தராசு வேலைக்கு ஆகாது. அது 1 கிராம், 2 கிராம் என்று தாவும். இரும்பு இடுக்கியும் வேண்டாம், கீறிவிடும்.

காசைவிடச் சாமானுக்கு ஏன் அதிகம் செலவழிக்க வேண்டும் என்று நானும் முதலில் நினைத்தேன். புரோச் வந்ததும் வாங்கினேன்.

3. ஆண்டையும் எழுத்தையும் படிக்கப் பழகுங்கள்

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

10 ஓரே எல்லா வருடமும் அடிக்கப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டுக்குள் வருபவை 1874, 1875, 1882, 1884, 1886, 1888, 1889, 1891, 1894, 1897, 1899. இதே அரசர் தலையோடு 1905 வரை அடித்தார்கள். ஆனால் 1900க்குப் பிறகு வந்தவை நம் கணக்கில் இல்லை. 1874, 1875 இரண்டும் எங்கும் கிடைக்கும், முதல் காசுக்கு அவையே நல்லவை. 25 ஓரேயிலும் இப்படித்தான். 1874இல் அடித்தார்கள், அடுத்து வந்தது 1891இல்.

இந்தப் பட்டியலைக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள். ஒரு சந்தையில் ஒருவர் "1878, மிக அரிது" என்று ஒரு காசை எனக்குக் காட்டினார். அரசர் அதே அரசர்தான். லென்ஸில் பார்த்தால் மறுபக்கம் இருந்தது ஓரே இல்லை, சென்ட். டென்மார்க்கின் மேற்கிந்தியத் தீவுகளுக்காக அடித்த காசு அது. அதைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்லவே.

இன்னொரு குழப்பம், அயல்வீட்டுக் காசுகள். நாணய ஒப்பந்தம் செய்த சுவீடனும், 1875இல் சேர்ந்த நோர்வேயும் ஏறக்குறைய இதே அளவில், இதே எடையில் 10 ஓரே அடித்தன. தராசு உங்களைக் காப்பாற்றாது. எழுத்தைப் பாருங்கள். சுவீடன் காசில் ஓரே என்ற சொல்லின் முதலில் வரும் வட்ட எழுத்தின் மேல் இரண்டு புள்ளி. டென்மார்க்கிலும் நோர்வேயிலும் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. ஒரே காசில் 10 ஓரே என்றும் 3 ஸ்கில்லிங் என்றும் இரண்டு மதிப்பும் இருந்தால் அது நோர்வே. அவர்களுடைய பழைய 3 ஸ்கில்லிங் சரியாக 10 ஓரே, அதனால் இரண்டையும் போட முடிந்தது. டென்மார்க் காசில் அரசர் பெயரோடு "டென்மார்க்கின் அரசர்" என்று டேனிஷ் மொழியில் எழுதியிருக்கும்.

சரி, ஆண்டின் ஓர் இலக்கம் தேய்ந்துபோயிருந்தால்? 1874ஆ 1894ஆ? 1889ஆ 1899ஆ? ஆண்டோடு ஒரு சின்ன இதயமும் சில எழுத்துகளும் இருக்கும். இதயம் கோபன்ஹேகன் நாணயச் சாலையின் அடையாளம். எழுத்துகள் நாணயச் சாலை அதிகாரியின் அடையாளம். 1893இல் ஆள் மாறினார். அதற்கு முன்னால் அடித்தவற்றில் சி.எஸ். (CS) என்று இருக்கும், அதற்குப் பின்னால் வந்தவற்றில் வி.பி.பி. (VBP) என்று மூன்று எழுத்து. ஆக, நடு இலக்கம் மங்கியிருந்தாலும் எழுத்து மூன்றென்றால் அது 1874 ஆக முடியாது. இதை நான் ஒரு வயதான டேனிஷ்காரரிடம் கற்றேன். ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்த செலவுதான். 1874க்கும் 1884க்கும் மட்டும் இந்த வித்தை உதவாது. அங்கே லென்ஸும் பொறுமையும்தான்.

4. தரக் குறியீட்டைத் தலைகீழாகப் படிக்காதீர்கள்

டென்மார்க்கில் தரத்தை எண்ணால் எழுதுவார்கள். இதில் 0 என்பதுதான் முதல் தரம்: புழக்கத்துக்கே போகாத காசு. அடுத்து 01, அப்புறம் 1+, 1, 1÷, அதற்குக் கீழே 2. நான் 0 என்று பார்த்ததும் "பூச்சியம் மார்க் வாங்கிய காசு" என்று நினைத்து ஒரு நல்ல காசைத் தாண்டிப் போனேன்.

அந்த ÷ என்ன என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வகுத்தல் குறிதான். ஆனால் இந்த நாட்டில் அதைக் கழித்தல் குறியாகவும் போடுவார்கள். 1÷ என்றால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

விளம்பரங்களில் கவனிக்க வேண்டிய சில டேனிஷ் சொற்கள்: "புஸெட்" என்றால் தேய்த்து மெருகேற்றியது. "ஹுல்" என்றால் துளை. "ஸ்யெல்டன்" என்றால் அரிது. இந்தக் கடைசிச் சொல் மலிவாகவே தெளிக்கப்படும், பொருட்படுத்த வேண்டாம். முதல் இரண்டும் இருந்தால் விலை பாதிக்கும் கீழே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், வாங்கவே வேண்டாம்.

"எச் 10", "எஸ் 12" என்பது போல எழுத்தும் எண்ணும் இருந்தால் பயப்படாதீர்கள். அவை ஹீடே, சீக் என்ற இரண்டு பட்டியல் நூல்களின் எண்கள். சீக் நூலில் விலையும் இருக்கும். பல பொது நூலகங்கள் தருவித்துக் கொடுக்கும், ஆகவே முதல் வாரத்திலேயே காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. அதிலுள்ள விலை வியாபாரி கேட்கக்கூடிய விலை. நீங்கள் விற்கப் போனால் அது கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள்.

5. எங்கே, எப்போது வாங்குவது

லொப்பெமார்கெட், அதாவது பழைய சாமான் சந்தை: காலையில் கதவு திறக்கும்போதே போக வேண்டும். பத்து மணிக்குப் போனால் வியாபாரிகள் பெட்டியை அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். மலிவு. ரசீது கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

நாணயக் கண்காட்சிகள்: எனக்குப் பிடித்தது இதுதான். பத்து மேசைகளில் ஒரே காசை ஒப்பிட்டுப் பார்க்கலாம், கையில் எடுத்துப் பார்க்கலாம், தபால் செலவு இல்லை. டென்மார்க் நாணயவியல் சங்கம் 1885 முதல் இருக்கிறது. அதோடு ஊருக்கு ஊர் சிறிய நாணயக் கழகங்களும் உண்டு. எங்கே எப்போது கண்காட்சி என்பதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மதியத்துக்குப் பிறகு போங்கள். மேசையைக் கட்டும் நேரத்தில் விலை இறங்கும். சந்தைக்கு நேர்மாறான யோசனை என்று தெரியும், ஆனால் கண்காட்சியில் சாதாரண 10 ஓரே தீர்ந்துபோகாது.

நாணயக் கடையின் இணையத்தளம்: விலை கூடுதல். ஆனால் பில் வரும். தொழிலாக விற்பவரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. தனியாரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. என் புரோச் தனியாரிடம் வாங்கியது. "படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

ஏலம்: இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

உலோகம் தேடும் கருவியோடு வயலுக்குப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். நிலச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மண்ணிலிருந்து எடுத்த பழைய பொருள் சட்டப்படி அரசுக்குச் சேர்ந்ததாக இருக்கலாம். டேனிஷில் "டேனஃபே" என்பார்கள். எடுத்ததை உள்ளூர் அருங்காட்சியகத்தில் காட்டாமல் சட்டைப்பையில் போடாதீர்கள்.

6. மொத்தச் செலவைக் கணக்குப் போட்ட பிறகே கையை உயர்த்துங்கள்

என் இரண்டாவது காசின் கணக்கை அப்படியே தருகிறேன். ஏலம் நின்ற விலை 60 குரோனர். ஏல நிறுவனத்தின் கட்டணம் அங்கே 25 சதவீதம், ஆக 15 குரோனர். பொதி கட்டி அனுப்ப 65 குரோனர். மொத்தம் 140. அதே ஆண்டு, அதே தரக் காசைப் பிறகு ஒரு கண்காட்சியில் 75 குரோனருக்குப் பார்த்தேன். பார்க்காமலேயே இருந்திருக்கலாம்.

ஏலக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். மொம்ஸ், அதாவது விற்பனை வரி, அந்த விகிதத்துக்குள் அடங்கியதா, அதற்கு மேலா என்று நிபந்தனைப் பக்கத்தில் பாருங்கள். டென்மார்க்கில் அது 25 சதவீதம், சின்னத் தொகையல்ல. ஒரே ஏலத்தில் ஐந்தாறு காசு வாங்கும்போது தபால் செலவு பங்கிடப்படும், அப்போது ஏலம் கட்டுபடியாகும். ஒரு காசுக்குக் கட்டுபடியாகாது.

பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தால் வரியும், அந்த வரியை வசூலித்துக் கொடுப்பதற்குக் கூரியர் நிறுவனத்தின் கட்டணமும் சேரும். வரி சில குரோனராக இருந்தாலும் அந்தக் கட்டணம் காசின் விலையைத் தாண்டிவிடும்.

தபாலிலும் ஒரு மாற்றம். போஸ்ட்நோர்ட் 2025 கடைசியோடு டென்மார்க்கில் கடிதம் விநியோகிப்பதை நிறுத்திவிட்டது. "கடித உறையில் போட்டு அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் எந்த நிறுவனம் வழியாக, கண்காணிப்பு எண் உண்டா என்று கேளுங்கள். ஒரு காசு உறைக்குள் ஆடிக்கொண்டே வந்தால் உறையைக் கிழித்துக்கொண்டு விழுந்துவிடும். இரண்டு அட்டைக்கு நடுவே ஒட்டி அனுப்பச் சொல்லுங்கள். கடையிலிருந்து எனக்கு வழக்கமாக மூன்று நான்கு நாளில் வரும். ஏலத்திலிருந்து இரண்டு வாரம் ஆனது.

7. கைக்கு வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பிக் கொடுப்பதற்கான 14 நாள் அன்றே ஓடத் தொடங்கிவிடும். மேசையில் மெத்தென்ற துணி விரித்து, காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது.

எடை 1.45 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். தேய்ந்த காசு சற்றுக் குறையலாம், கூடக் கூடாது. காந்தம் இழுக்கக் கூடாது. பிறகு விளிம்பைச் சுற்றி லென்ஸை ஓட்டுங்கள். புரோச்சாகவோ பதக்கமாகவோ இருந்த காசு என்றால் எங்காவது ஒரு மங்கலான மேடு, அல்லது சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாத சாம்பல் நிறத் திட்டு இருக்கும். நகை செய்பவர்கள் வைக்கும் பற்றாசின் தழும்பு அது. என் காசில் அது அரசரின் தலைக்கு நேர் பின்னால், டால்பினின் வால் பக்கத்தில் இருந்தது. சாய்வாக விளக்கில் பிடித்தபோது அரத்தின் கோடுகள் நெல்வயல் வரப்புப் போலத் தெரிந்தன. நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. படத்தில் எப்படித் தெரியும்?

அரசரின் கன்னமும் தலைமுடியும் மஞ்சளாகவோ சற்றுச் சிவப்பாகவோ இருந்தால் போலி என்று முடிவு செய்யாதீர்கள். வெள்ளி 40 சதவீதம்தானே, மீதி செம்பு. மேல்பூச்சுப் போல இருக்கும் வெண்மை தேய்ந்தால் மேடான இடங்களில் அந்த நிறம் எட்டிப் பார்க்கும். மாறாக, தேய்ந்த காசு முழுவதும் ஒரே வெண்மையில் பளபளத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

8. தேய்க்காதீர்கள், யாரையும் தேய்க்க விடாதீர்கள்

என் மூன்றாவது காசு 1875. ஓரங்களில் நீலமும் ஊதாவும் கலந்த கறுப்புப் படிந்திருந்தது, நடுவே அரசர் தெளிவாக இருந்தார். சேர்ப்பவர்கள் விரும்புவது அந்தப் படலத்தைத்தான். அதை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற நேரம். மாலையில் வந்து பார்த்தால் சாமித்தட்டில் வெள்ளிக் குங்குமச் சிமிழும் அதன் பக்கத்தில் என் காசும் ஒன்றாக மின்னின. "ஏன் தம்பி உதைக் கறுக்க விட்டு வச்சிருக்கிறாய்? திருநீறு போட்டுத் துடைச்சனான், எவ்வளவு வடிவா வந்திருக்குப் பார்" என்றார். வடிவாகத்தான் இருந்தது. என்ன சொல்ல?

திருநீறு, புளி, பற்பசை, வெள்ளி துடைக்கும் துணி எதுவும் வேண்டாம். பிசுபிசுப்பு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சற்று நேரம் போட்டு எடுத்து, தேய்க்காமல் காயவிடலாம். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தூரத்தில்.

வைப்பதற்கு, நடுவே துளையுள்ள நாணய அட்டை வாங்குங்கள். 15 மில்லிமீட்டர் காசுக்குப் பொருந்தும் அளவா என்று பாருங்கள். ஸ்டேப்பிள் கம்பியின் முனையைத் தட்டையாக அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். மென்மையான பழைய பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். சில வருடத்தில் பச்சையாக ஒரு பசை கசியும்.

9. காகிதங்கள்

ஒரு காசுக்கு மூன்று விஷயம் சேர்த்து வைக்கிறேன். முதலாவது பில், அல்லது பணம் அனுப்பிய மொபைல்பே பக்கத்தின் படம். சந்தையில் வாங்கியதென்றால் தேதி, ஊர், விலை எழுதிய ஒரு துண்டு. இரண்டாவது, வந்த அன்று எடுத்த இரு பக்கப் படமும் தராசில் எடை தெரியும் படமும். மூன்றாவது, அட்டையின் பின்புறத்தில் ஆண்டு, பட்டியல் எண், தரம். காசு பழைய உறையில் வந்தால் அந்த உறையை எறியாதீர்கள். முன்னால் வைத்திருந்தவரின் கையெழுத்தும் வாங்கிய ஆண்டும் அதில் இருக்கலாம்.

வீட்டுச் சாமான் காப்புறுதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். காசு, நாணயச் சேகரிப்பு ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய உச்சவரம்பு போட்டிருப்பது வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியைத் தேடி ஒருமுறை வாசியுங்கள். ஐந்து காசு வைத்திருக்கும்போது அவசரமில்லை. ஐம்பதானால் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

விற்கும்போது குறையை முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். என் புரோச்சைக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் தழும்பை லென்ஸில் காட்டித்தான் விற்றேன். வாங்கியவர் 20 குரோனர் கொடுத்தார். திரும்ப ஊசி வைத்து மனைவிக்குக் கொடுக்கப் போகிறாராம்.